அல்லிராணி கட்டாத கோட்டை



மன்னார் மாவட்டத்து அரிப்பிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன், 'எனது ஊர்' என்ற கட்டுரையில், "எங்கள் ஊரில் அல்லிராணி கட்டிய கோட்டை உண்டு" என எழுதியிருந்தான். சரித்திரப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். "சேர், எங்கட அப்பாச்சி அப்பிடித்தான் சொல்லுறவ" என்றான். முகம் வாடிவிட்டது.

அவன் குறிப்பிட்டது கோட்டையே அன்று, ஒரு மாளிகை. 1798 முதல் 1805 வரை இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியாக இருந்த பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்காக, 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. கிரேக்க டொரிக் பாணித் தூண்கள் தாங்கியமையால் 'டொரிக்' எனப்பட்டது. அத்தூண்கள் கருங்கல் அல்ல. செங்கல்லால் எழுப்பிச் சுண்ணச்சாந்து பூசப்பட்டவை. ஜேம்ஸ் கோடினர் பாதிரியார் 1807இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இம்மாளிகையின் அழகை வியந்துள்ளார். அரிப்பில் ஒல்லாந்தரின் சிறு கோட்டையொன்று வேறாக உண்டு. கண்டி இராச்சியத்திலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679இல் வந்துசேர்ந்தது அங்கேதான்.

அப்படியானால் அல்லி எங்கிருந்து வந்தாள்? புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'அல்லியரசாணி மாலை', மதுரையை ஆண்டு அருச்சுனனை மணந்தவளாக அவளைப் பாடுகின்றது. மன்னார்க் கரையோர மக்களோ, அரிப்புக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையில் அவள் அரசாண்டாள் என்பர். முத்து விளையும் கடலுக்கு அவளே அரசி. மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர்களுக்கு, வந்து போன தேசாதிபதியின் பெயர் நெஞ்சில் தங்கவில்லை. கடலைப் பார்த்து நின்ற பெரிய வீட்டைத் தமது அரசிக்கே உரியதாக்கிக் கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இன்று அங்கே எஞ்சியிருப்பவை கூரையற்ற சுவர்களும் சிதைந்த தூண்களுமே. கரையைக் கடல் அரித்துவர, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்துவிட்டது. மிஞ்சிய சுவரும் வீழ்ந்தால், நோர்த்தின் ஆண்டுக் கணக்கு நூல்களில் இருக்கும். அப்பாச்சி சொன்ன பெயர் எதில் இருக்கும்?

மறுநாள் அம்மாணவனை அழைத்தேன். "'கட்டிய' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு. 'அல்லிராணிக் கோட்டை என எம்மூரார் வழங்கும் மாளிகை' என்று எழுது" என்றேன். இப்போது வாக்கியம் பிழையற்றது. அப்பாச்சியும் அதில் இருக்கிறா.