உங்களுக்குத் தெரியுமா? ‘பாஸ் அவுட்’ ஆனவர் பட்டதாரியா, மயங்கி விழுந்தவரா?

‘2019-இல் காலேஜில் பாஸ் அவுட் ஆனேன்’ என்று ஓர் அமெரிக்கரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். படிப்பை முடித்த செய்தி அவர் காதில் விழாது. கல்லூரி வளாகத்தில் நினைவு தப்பி விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார். அங்கே ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்குவது. வெயிலில் சுருண்டு விழுந்தாலும் அதுதான், அளவு மீறிக் குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தாலும் அதுதான். இரண்டாவது வகை அடிக்கடி காதில் விழுவது என்பதால், பயோடேட்டாவை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் அந்த வரியை ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றிவிடுவது நல்லது.

அதற்காக நம் ஆட்கள் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ராணுவக் கல்லூரியிலோ காவலர் கல்லூரியிலோ பயிற்சி முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ்காரர்களே ‘பாஸ் அவுட்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் அகராதிகளிலும் அந்தப் பொருள் இருக்கிறது. பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் இருந்த சொல்லை நாம் பி.காமுக்கும் பி.இ.க்கும் நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். ‘2024 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்ற வேலை விளம்பரத்தைப் பார்த்து இங்கே யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை.

இந்தச் சொல்லின் ராணுவப் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சென்னை பரங்கிமலைக்குப் போகலாம். 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, 1988 முதல் ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி என்று பெயர் பெற்ற இடம் அது. ஒவ்வோர் அணியும் பயிற்சி முடிக்கும்போது அங்கே ‘பாஸிங் அவுட் பரேடு’ நடக்கும். அணிவகுப்பு முடிந்தபின், தோளில் மூடி வைத்திருக்கும் நட்சத்திரங்களைப் பெற்றோர் வந்து திறந்துவிடுவார்கள். அதற்கு ‘பிப்பிங்’ என்று பெயர்.

1932-இல் டேராடூனில் தொடங்கிய இந்திய ராணுவ அகாடமியில் முதல் அணியில் சேர்ந்தவர்கள் 40 பேர். அவர்களில் ஒருவர் பின்னாளில் ஃபீல்டு மார்ஷலாகி, குன்னூரில் ஓய்வுக்காலத்தைக் கழித்த சாம் மானெக்‌ஷா. டேராடூனில் பாஸ் அவுட் ஆகிறவர்கள் செட்வுட் கட்டடத்தின் படியைத் தாண்டிப் போவார்கள். அந்தப் படிக்கு ‘அந்திம் பக்’, அதாவது கடைசி அடி என்று பெயர்.

அணிவகுப்பு மைதானத்தில் ஆங்கிலத்தின் இரண்டு பொருளும் ஒன்றாகவே வந்து நிற்கலாம். 2023 ஜூன் 10 அன்று லண்டனில் ‘ட்ரூப்பிங் த கலர்’ என்னும் ராணுவ அணிவகுப்பு விழாவுக்கான ஒத்திகையை இளவரசர் வில்லியம் பார்வையிட்டார். வெயில் ஏறக்குறைய 30 டிகிரி. நமக்கு அது குளிர்தான். ஆனால் அந்த வீரர்கள் உடலில் கம்பளிச் சட்டை, தலையில் கரடி ரோமத் தொப்பி. சிலர் நின்ற இடத்திலேயே சாய்ந்தார்கள். அவர்களில் ட்ரோம்போன் வாசிப்பவர் ஒருவர், தட்டுத் தடுமாறி எழுந்து மறுபடியும் வாசிக்கப் பார்த்தார்.

ஏன் அப்படி? நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோய் ரத்தம் காலிலேயே தேங்கும். மூளைக்குப் போவது குறையும். வெப்பம் ரத்தக் குழாய்களை விரித்துவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். பூட்ஸுக்குள் யாருக்கும் தெரியாமல் கால் விரல்களை மடக்கி நீட்டுவது அணிவகுப்பில் நிற்பவர்களின் பழைய தந்திரம். மயங்கி விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். படுத்திருந்தாலே ரத்தம் தலைக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது பொருள் ஒன்று உண்டு: விநியோகிப்பது. ஆசிரியர் வினாத்தாளைக் கொடுப்பதும், தெருமுனையில் துண்டுப் பிரசுரம் நீட்டுவதும் ‘பாஸ் அவுட்’தான். இதில் ஓர் இலக்கணக் கண்ணி இருக்கிறது. ‘பாஸ் அவுட் த பேப்பர்ஸ்’, ‘பாஸ் த பேப்பர்ஸ் அவுட்’ இரண்டும் சரி. தாள்களை ‘தெம்’ என்று சுட்டிவிட்டால் ‘பாஸ் தெம் அவுட்’ மட்டுமே சரி. பெயர்ச்சொல் எந்தப் பக்கமும் நிற்கலாம், பிரதிப்பெயர் நடுவில்தான் உட்கார வேண்டும். மயங்கும் பொருளில் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் நுழைக்க எதுவும் கிடையாது.

இப்படி வினையோடு சின்னச் சொல் ஒட்டிக்கொள்வதற்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகப் பரவியது. பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே குறித்திருக்கிறார். பெயருக்கு முன்பே தலைவலி இருந்தது. அயல்நாட்டாருக்கு ஆங்கிலத்தில் மிகக் கடினமானவை இவைதான் என்று 1755-இலேயே சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில் எழுதிவைத்தார். நாமும் சளைத்தவர்கள் அல்ல. ‘வந்துவிட்டான்’, ‘வந்துபோனான்’, ‘வந்து தொலைத்தான்’ மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் கேட்டால், விளக்க அரை மணி நேரம் வேண்டும்.

பாஸ் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள்: ‘பாஸ் அவே’ இறப்பு, ‘பாஸ் அப்’ கைக்கு வந்த வாய்ப்பை வேண்டாமென்று விடுவது, ‘பாஸ் ஆஃப்’ போலியை அசலென்று தள்ளிவிடுவது.

பிரிட்ஜ் சீட்டாட்டத்திலும் ‘பாஸ்டு அவுட்’ உண்டு. ஏலம் கேட்க வேண்டிய நால்வரும் வரிசையாக ‘பாஸ்’ சொல்லிவிட்டால் அந்த ஆட்டம் நடக்காது. போட்டி ஆட்டமானால் இரு தரப்புக்கும் பூஜ்யம்.