கையும் காதும்

மெட்ராஸ் பெயரைச் சுமக்கும் ஒரு நரம்பு நோயைப் பற்றி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பென்னலூர் வழியாகக் காலை ஷிஃப்ட்டுக்கு விரையும் கம்பெனி பஸ்களில் நரைத்த தலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. அக்கம்பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் கார், செல்போன், உதிரிபாகத் தொழிற்சாலைகள். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த சூட்டோடு ட்ரெயினியாகச் சேரும் பிள்ளைகள்தான் இந்த வட்டாரத்தின் மூலதனம். லைனில் நிற்பவருக்குக் கண் மட்டும் போதாது. ஒயர் கனெக்டரைச் செருகும்போது கட்டைவிரல் அழுத்தம் கொடுக்க வேண்டும்; 'க்ளிக்' என்ற சின்னச் சத்தம் காதில் விழ வேண்டும். கையும் காதும் சேர்ந்து சொன்னால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு.

இதே வயதில், கையையும் காதையும் சேர்த்தே தாக்கும் ஒரு நோய் இருக்கிறது. உலக மருத்துவ நூல்களில் அதன் பெயர் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்'. மிக அபூர்வமானது. ஆனால் உலகிலேயே அதிகம் பதிவாகியிருப்பது தென்னிந்தியாவில்தான்.

பாடத்துக்கு அடங்காத நோயாளிகள்

மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள்தான் மோட்டார் நியூரான்கள். அவை சாகச் சாக, அவற்றை நம்பியிருந்த தசைகள் மெலிந்து, துடித்து, கடைசியில் ஓய்ந்துபோகும். இந்த வகை நோய்களில் கொடியது ஏ.எல்.எஸ். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தது. பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வரும். மூச்சுத் தசைகள் செயலிழந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பலரும் இறந்துபோகிறார்கள். 21 வயதில் நோய் கண்டறியப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தது அபூர்வமான விதிவிலக்கு.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பு அறுவைசிகிச்சையைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அவரும் ஜேக்கப் சாண்டி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். அந்தச் சங்கத்தின் இதழான 'நியூராலஜி இந்தியா'வில் 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சென்னையில் இளம் வயதினரிடம் காணப்படும் மோட்டார் நியூரான் நோய் எப்படி இருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஷார்கோவின் பாடத்துக்கு அடங்காத நோயாளிகள் அவர்கள். முப்பது வயதுக்குள்ளேயே நோய் தொடங்கியிருந்தது. கை, கால் மெலிவோடு முகத் தசைகளும் பலவீனப்பட்டிருந்தன. பேச்சு குழறியது, விழுங்குவது சிரமமானது, நாக்கு சுருங்கித் துடித்தது. ஏ.எல்.எஸ்.ஸில் வழக்கமாக இல்லாத ஒன்றும் பலரிடம் இருந்தது: காது கேட்பது குறைந்திருந்தது. நோயின் வேகமும் மாறுபட்டிருந்தது. மெல்ல நகர்ந்தது, பலர் பல்லாண்டுகள் உயிரோடு இருந்தார்கள்.

அது சி.டி. ஸ்கேன் பிறக்காத காலம். லண்டனில் முதல் நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971இல்தான். நரம்பியல் மருத்துவருக்கு அப்போது கைகொடுத்தவை கண்ணும் விரலும் சுத்தியலும் ட்யூனிங் ஃபோர்க்கும். சட்டைப் பட்டனைப் போடச் சொல்வார். கன்னத்தை உப்பச் சொல்லி விரலால் அழுத்திப் பார்ப்பார். நாக்கை வாய்க்குள்ளேயே ஓய்வாக வைக்கச் சொல்லி, அதில் புழு நெளிவதுபோல் துடிப்பு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். கை மெலிந்து வந்தவரின் காதையும் சோதித்து, இரண்டையும் ஒரே நோயின் இரு முகங்களாகப் பார்த்ததுதான் மெட்ராஸ் மருத்துவர்களின் சாதனை.

நெடுஞ்சாலையின் மறுமுனை

பென்னலூரை ஒட்டி ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையின் மறுமுனையில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. மெட்ராஸில் தொடங்கிய கதை அங்கேதான் வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் நரம்பியல் மருத்துவர் எம். கௌரி தேவி. நிம்ஹான்ஸின் இயக்குநராகவும் இருந்தவர். ஒரே ஒரு கையோ காலோ மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் அப்படியே நின்றுவிடும் 'மோனோமெலிக் அமையோட்ரஃபி' என்ற நோயை 1984இல் விவரித்ததும் அவர் குழுதான். இதற்கு நெருங்கிய ஒன்றை ஜப்பானில் ஹிராயாமா 1959இலேயே எழுதியிருந்தார். அதுவும் பெரும்பாலும் இளைஞர்களைத்தான் பிடிக்கிறது.

மெட்ராஸ் நோயில் சிலருக்குக் கண் நரம்பும் சேர்ந்து கெடுவதை நிம்ஹான்ஸ் குழு தனி வகையாகப் பிரித்துக் காட்டியது. 1971 முதல் 2007 வரை, 36 ஆண்டுகளில் அங்கே பார்த்த 116 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, பேராசிரியர் ஏ. நளினி குழு 2008இல் வெளியிட்டது. பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் வந்திருந்தது. சில குடும்பங்களில் மட்டும் ஒருவருக்கு மேல் பாதிப்பு. இவ்வளவு அபூர்வமான நோய்க்கு ஒரே மருத்துவமனையில் இத்தனை ஆண்டுக் குறிப்புகள் கிடைப்பது எளிதல்ல. பழைய கேஸ் ஷீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததன் பலன் அது.

வைட்டமின் தந்த நம்பிக்கை

காது கேளாமையும் முக, தொண்டைத் தசை பலவீனமும் சேர்ந்து இளம் வயதில் வரும் இன்னொரு நோய் உண்டு: பிரவுன்–வயலெட்டோ–வான் லேயர். உடலுக்குள் ரைபோஃபிளேவினை, அதாவது வைட்டமின் பி2வை, கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணுவில் உள்ள கோளாறே அதற்குக் காரணம் என்பது 2010இல் தெரியவந்தது. அதிக அளவில் பி2 கொடுத்தபோது பல நோயாளிகள் தேறினார்கள். மெட்ராஸ் நோயும் இதுவேயாக இருந்துவிட்டால்? மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை அல்லவா!

நளினி குழு லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்தது. 2013இல் முடிவு வந்தது: அந்தக் கோளாறு இவர்களிடம் இல்லை, இது வேறு நோய். நம்பிக்கைக்கு அடி விழுந்தாலும் ஒரு கதவு தெளிவாகச் சாத்தப்பட்டது. அறிவியலில் அதுவும் வரவுதான். தெற்கே ஏன் அதிகம், எது அந்த நரம்பணுக்களைக் கொல்கிறது என்ற கேள்விகளுக்கு இன்றுவரை விடை இல்லை. பசிபிக் தீவான குவாமில் ஒரு காலத்தில் ஏ.எல்.எஸ். கொத்துக்கொத்தாக வந்ததற்குக் காரணம் தேடி, பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் வாதிட்டு வருகிறார்கள். ஒரு மண்ணோடு ஒட்டிய நோய் அவ்வளவு சீக்கிரம் ரகசியத்தைச் சொல்வதில்லை.

இரண்டு ஃபைல்கள்

இனி ஒரகடத்துக்கு வருவோம். 22 வயதுப் பையனுக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றுகிறது, ஸ்க்ரூ கைநழுவுகிறது. 'ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வந்த வலி' என்று ஒரு சீட்டு எழுதப்படலாம். அதே பையனுக்கு வருடாந்தர ஆடியோமெட்ரி செவிச் சோதனையில் கேட்கும் திறன் குறைந்திருந்தால், 'பிரஸ் ஷாப் இரைச்சல்' என்று இன்னொரு சீட்டு. இரைச்சலால் வரும் காது கேளாமை தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் இருப்பதால் அந்த விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இரண்டு சீட்டும் சரியாகவே இருக்கும். எப்போதாவது ஒருவருக்குத் தவறாகும். இரண்டும் வெவ்வேறு ஃபைலில் இருப்பதால் அந்தத் தவறு யார் கண்ணிலும் படாது.

சில அடையாளங்கள் உதவும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் மரத்துப்போகும், குறுகுறுக்கும். மோட்டார் நியூரான் நோயில் உணர்ச்சி மாறாது, சதை மட்டும் வற்றும். இரைச்சல் பாதிப்பு பொதுவாக 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்து தொடங்கும். அதற்குப் பொருந்தாத செவித்திறன் இழப்போடு சதை வற்றலும் இருந்தால், 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம் பார்த்து லேகியம் வாங்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். ஊசி வைத்துத் தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனை சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு.

நோயை நிறுத்தும் மருந்து இல்லாதபோது பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஏ.எல்.எஸ். என்று கேட்ட குடும்பம் சாவுக்கு நாள் எண்ணத் தொடங்கும். மெட்ராஸ் வகை என்று தெரிந்தால் காது மெஷின், விழுங்கும் பயிற்சி, கைக்கு ஏற்ற வேலை என்று வாழ்க்கைக்குத் திட்டம் போடும். பணமும் பெயரைப் பொறுத்ததே. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் நீட்டிக்கப்பட்ட நோய்ப் பயன் பட்டியலிலுள்ள 34 நோய்களுக்குத் தகுதியுள்ளவர்கள் சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டுவரை பெறலாம். நரம்புத்தசைச் சிதைவு நோய்களுக்கும் அதில் இடம் உண்டு. 'கை வலி' என்ற சீட்டுக்கு அது கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நாட்பட்ட நரம்பியல் நோய்களை அங்கீகரிக்கிறது. ஆனால் பணியிலிருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்ற அதன் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியார் லைனில் நிற்பவரை எட்டாது.

தொழிற்சாலை மருத்துவர்கள் ஆடியோமெட்ரி ஃபைலையும் கை வலிச் சீட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கலாம். சந்தேகமானவரை நரம்பியல் துறைக்கு அனுப்பலாம். அப்படி வருகிற ஒவ்வொரு நோயாளியும் விடை தெரியாத அந்தக் கேள்விகளுக்கு ஒரு தடயம். கை மெலிந்து வந்தவரிடம் 'காது எப்படிக் கேட்கிறது?' என்று விசாரிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.