களனி கங்கையின் தலைமாட்டில் ஒரு காடு

வத்தளையில் வாழும் எங்களுக்குக் களனி கங்கை என்றால் பாலத்து நெரிசலும் மழைக்கால வெள்ளமும்தான். 2016 மே மாதத்தில் இந்த ஆறு கரை மீறியபோது அதன் இரு மருங்கிலும் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். ஆனால், கொழும்பு குடிக்கும் தண்ணீரும் இதே ஆற்றிலிருந்துதான், அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் தொடங்கும் இடங்களுள் ஒன்றைப் பார்க்கவே உறவினர்களுடன் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், 3,160 ஹெக்டயரில் விரிந்திருக்கிறது இந்தப் புல்வெளியும் காடும். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

மலைச்சரிவெல்லாம் கோப்பிக்கும் தேயிலைக்குமாக வெட்டப்பட்டபோது இது மட்டும் எப்படித் தப்பியது? 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். அதன்படி உத்தரவும் வந்தது. அந்த எல்லைக்குக் கீழே காடு வெட்டித் தோட்டம் அமைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட எம்மவர்கள். போகும் வழியெல்லாம் அவர்களின் பேரப்பிள்ளைகளின் லயங்களைக் காணலாம்.

இந்தக் காடு மழையை மட்டும் நம்பியிருப்பதில்லை. மூடுபனி இலைகளிலும் மரங்களைப் போர்த்திய பாசியிலும் பட்டுத் துளியாகிச் சொட்டுகிறது. கறுத்த மண்ணும் புல்வெளியும் பஞ்சு போல அதை உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களில் மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகின்றன. மரம் போனால் மூடுபனி வெறுமனே கடந்துபோகும். கவலை அங்கேதான். பல தசாப்தங்களாக இங்கே மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. வறட்சி, மண்ணின் சத்துக்குறைவு, காற்று மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

காலையில் போனால் மரைகளைக் கூட்டமாகக் காணலாம். சிறுத்தை உண்டு, ஆனால் கண்ணில் படுவது அரிது. மூக்கில் கொம்புள்ள ஓணான் இலங்கைக்கே உரியது. அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட மலைத் தேவாங்கின் படங்கள் 2010இல் வெளியாயின. குறிஞ்சியின் இனமான நெலு, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்.

வன்னியில் போரைக் கடந்தவர்களுக்குக் காடு என்ற சொல்லின் பொருள் வேறு. ஷெல்லுக்கு ஒதுங்கிய காடு, பங்கர் வெட்டிய காடு, மிதிவெடிப் பலகை தொங்கிய காடு. என்னோடு வந்த சித்தி, “பாதையை விட்டு விலகாதீர்கள்” என்ற பலகையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். “இது மிதிவெடிக்கு இல்லை சித்தி. மிதிபட்ட புல் திரும்ப முளைக்கக் கனகாலம் எடுக்கும், அதுக்குத்தான்” என்றேன். “புல்லுக்கோ?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். நடைபாதை சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகச் சுற்றி வருகிறது. சுமார் 9 கிலோமீட்டர், மூன்று மணித்தியாலம் பிடிக்கும். உலக முடிவில் பாறை 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும் என்பதால் விடியலிலேயே வாயிலில் நில்லுங்கள். குளிருக்கும் மழைக்கும் உடை வேண்டும்.

உள்நாட்டவருக்குக் கட்டணம் மிகக் குறைவு, அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினர்கள் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும். பொலித்தீன் கொண்டு போகக்கூடாது; வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீனைத் தின்று மரைகள் இறந்ததுண்டு. சோற்றை வாழையிலையில் கட்டுங்கள், எஞ்சியதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மேலே ஓடையில் விழும் குப்பை கீழே எங்கள் ஆறுகளுக்குத்தான் வரும்.