தேவை: இரண்டு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர்

ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 880 ஹெட்போன் 32 ஓம், 250 ஓம், 600 ஓம் என மூன்று வகையில் விற்பனைக்கு வந்தது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஒரே முகம்தான். ஆம்ப்ளிஃபையருக்குத்தான் மூன்றும் வேறு வேறு. ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல் ஒலி கிடைக்கும் என்கிறது நிறுவனத்தின் கணக்கு. இசையின் உச்சியில் 110 டெசிபல் வேண்டுமானால் சுமார் 25 மில்லிவாட் வேண்டும். 600 ஓமில் அந்தச் சக்தியை இறக்க 3.9 வோல்ட் தேவை, மின்னோட்டம் 6.5 மில்லிஆம்பியர் போதும். 32 ஓமில் நிலைமை தலைகீழ்: 0.9 வோல்ட் போதும், ஆனால் மின்னோட்டம் 28 மில்லிஆம்பியராக ஏறிவிடும். ஒன்று வோல்ட் கேட்கிறது, இன்னொன்று ஆம்பியர் கேட்கிறது. ஆம்ப்பை ஹெட்போனுக்கு ஏற்ப மாற்றுவது என்கிற வேலை மொத்தமும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

ஓம் எண்ணில் ஏன் இவ்வளவு வேறுபாடு என்றால், அதற்கு வரலாறுதான் காரணம். 1968-இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 இரண்டாயிரம் ஓம். சுவரில் செருகி ஓடும் பெரிய கருவிகளின் காலம் அது, வோல்ட்டுக்குப் பஞ்சமில்லை. 1979-இல் சோனி வாக்மேன் வந்தது. சின்ன பேட்டரியில் ஓடும் கருவியால் அத்தனை வோல்ட் தர முடியாது என்பதால் ஓம் எண் கீழே இறங்கியது. இரண்டு பரம்பரைகளும் இன்றுவரை கடையில் பக்கத்துப் பக்கத்திலேயே விற்கின்றன.

கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்க ஏற்ற ஆம்ப் என்றால் சிமோய்தான். சூ மோய் என்ற அமெரிக்கர் 1990-களின் இறுதியில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்ட வரைபடம் அது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசி ஒன்று, விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும். எல்லாம் சேர்ந்து ஆல்டாய்ட்ஸ் பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடங்கிவிடும். இதில் ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை, அதாவது கெயினை, தீர்மானிப்பவை சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள்: வெளியீட்டிலிருந்து ஐசிக்குத் திரும்பி வரும் 10 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1 கிலோ ஓம். பத்தை ஒன்றால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 11 மடங்கு.

இந்த 11 மடங்குதான் பலருக்குத் தொல்லை. ஷூர் எஸ்இ846 போன்ற காதுக்குள் செருகும் இயர்போனை எடுத்துக்கொள்வோம். 9 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 114 டெசிபல். 80 டெசிபலில் கேட்க அதற்கு இரண்டு மில்லிவோல்ட்கூட முழுதாக வேண்டாம். ஒரு வோல்ட் தரும் பிளேயரை 11 மடங்கு ஆம்ப்பில் செருகினால், வால்யூம் குமிழை நகர்த்திய மாத்திரத்திலேயே காதைப் பிளக்கும். குமிழின் தொடக்கத்தில் இடது, வலது இரண்டும் ஒரே அளவில் ஏறுவதும் இல்லை. மலிவான வால்யூம் கன்ட்ரோல் எல்லாவற்றிலும் இந்தக் கோளாறு உண்டு. பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்ந்து நிற்கும். போதாக்குறைக்கு, பாட்டே ஓடாதபோதும் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். ஐசியின் சொந்த இரைச்சலும் 11 மடங்கு பெருகுகிறது அல்லவா!

மருந்து எளிது. 10 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு 2 கிலோ ஓம் வைத்தால் கெயின் 3 மடங்காகிவிடும். சேனலுக்கு ஒன்று, ஆக இரண்டே ரெசிஸ்டர்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லா ஐசியும் குறைந்த கெயினைத் தாங்காது. ஆர்வலர்கள் கொண்டாடும் ஓபிஏ637, குறைந்தது 5 மடங்கு இருந்தால்தான் நிலையாக வேலை செய்யும். அதை 3 மடங்கில் ஓட்டினால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானே ஊசலாடத் தொடங்கும். ஐசி சூடாவதுதான் வெளியே தெரியும் முதல் அடையாளம்.

600 ஓம் ஹெட்போன், இயர்போன் இரண்டும் வீட்டில் இருந்தால், கெயினை மாற்ற ஒரு ஸ்விட்ச் வைக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். திரும்பி வரும் ரெசிஸ்டரின் வழியில் ஸ்விட்சை வைக்கவே கூடாது. நெம்பும்போது தொடுமுனை ஒரு கணம் விலகினால் ஐசிக்குக் கடிவாளம் போய்விடும். பேட்டரியில் இருக்கும் வோல்ட் அத்தனையும் ஹெட்போனில் இறங்கும். கிரவுண்டுக்குப் போகும் பக்கத்தில் வைப்பதே சரி. 2 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் நிரந்தரமாக இருக்கட்டும், அது 3 மடங்கு. ஸ்விட்சைப் போட்டால் அந்த 1 கிலோ ஓமுக்கு இணையாக 250 ஓம் சேரும்படி செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து 200 ஓம், கெயின் 11. தொடுமுனை விலகினாலும் ஆம்ப் 3 மடங்குக்குத்தான் இறங்கும், காது தப்பிக்கும்.

கெயினைக் கூட்டினால் 600 ஓம் ஹெட்போன் பாடிவிடும் என்று நினைப்பது பரவலான தப்புக்கணக்கு. பேட்டரியில் இல்லாத வோல்ட்டைக் கெயின் எங்கிருந்து கொண்டுவரும்? 9 வோல்ட்டை நடுவில் பிரித்தால் மேலே 4.5, கீழே 4.5. அதில் ஐசி தன் பங்கை எடுத்துக்கொண்டது போகச் சுமார் 3 வோல்ட்தான் மிஞ்சும். நாம் முன்பு சொன்ன 3.9 வோல்ட்டின் உச்சி 5.5 வோல்ட். ஆகவே உச்சியில் அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். தபேலாவின் ஒவ்வொரு அடியும் பிசிறும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 18 வோல்ட் ஆக்குவதுதான் வழி. கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்ட வோல்ட், ஐசி தாங்கும் வோல்ட் இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் செய்யும் 9 வோல்ட் பேட்டரிகளில் பலவும் உண்மையில் 8.4 அல்லது 7.2 வோல்ட்தான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது 32 ஓம் பக்கம். அந்த 28 மில்லிஆம்பியரின் உச்சி 40. சிமோயில் வழக்கமாக உட்காரும் ஓபிஏ2132-இன் எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஐசியை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இது. ஆனால் ஆர்வலர்கள் ஐசியை மாற்றுவது பெரும்பாலும் ‘இனிமை’, ‘கதகதப்பு’ தேடித்தான். என்னைக் கேட்டால், ஒலியை மிகக் குறைவாக மாற்றும் பாகத்துக்கு மிக அதிகமாகச் செலவழிக்கும் பழக்கம் அது. போலி ஐசிகளின் சந்தை செழிப்பதும் அதனால்தான்.

மின்னோட்டம்தான் தேவை என்றால் என்ஜேஎம்4556 இருக்கிறது. விலை குறைவு, அதே எட்டுக் கால், 70 மில்லிஆம்பியர் தரும். அப்படியே பிடுங்கிச் செருகினால் போதுமா? போதாது. ஓபிஏ2132-இன் உள்ளீட்டுக் கால் மின்னோட்டம் எடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். 4556 எடுக்கும். 50 நானோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், சிமோயின் உள்ளீட்டில் இருக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் அது 5 மில்லிவோல்ட். 11 மடங்கு பெருகி வெளியே வரும்போது 55 மில்லிவோல்ட் நேர்மின்சாரம். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஹெட்போனின் சுருளில் பாய்ந்து, டயஃப்ரம்மை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கெயின் 3 என்றால் 15 மில்லிவோல்ட், பரவாயில்லை. எதை மாற்றினாலும் ஹெட்போனைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து வெளியீட்டை அளந்துவிட வேண்டும். 20-க்குள் இருந்தால் நல்லது. அதன் பிறகும் முதலில் செருகுவது போனால் போகட்டும் என்கிற இயர்போனாக இருக்கட்டும்.

2011-இல் வந்த ஓ2 ஆம்ப் இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டியது. வடிவமைத்தவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. அடுத்த ஆண்டே பொதுவெளியிலிருந்து காணாமலும் போனார். பெருக்கும் வேலையை ஒரு ஐசியிடமும், மின்னோட்டம் தரும் வேலையை இரண்டு 4556-களிடமும் பிரித்துக்கொடுத்தார். பெருக்காத இடத்தில் 4556 உட்கார்ந்திருப்பதால் அதன் குறையும் பெருகுவதில்லை. 2.5 மடங்கு, 6.5 மடங்கு என இரண்டு கெயின். மாற்ற விரும்பினால் அங்கேயும் சில ரெசிஸ்டர்கள்தான்.

ஆம்ப்பின் வெளியீட்டு ஓம் தனிக் கதை. சென்ஹைசர் எச்டி 600-ஐ 300 ஓம் என்கிறோம், ஆனால் தாழ்ந்த சுரங்களில் அது 500 வரை ஏறும். வோல்ட் ஆம்ப்பின் ஓமுக்கும் ஹெட்போனின் ஓமுக்கும் இடையில் பங்காவதால், ஆம்ப்பின் வெளியீடு 120 ஓம் என்றால் அந்த இடத்தில் பாஸ் ஒரு டெசிபல் தூக்கலாகக் கேட்கும். சிலருக்கு அதுவே பிடித்தும் விடுகிறது. 9 ஓம் இயர்போனில் விளைவு அப்படிச் சிறியதாக இருக்காது. பத்து ஓம் வெளியீடே அதன் ஒலியை உருத்தெரியாமல் மாற்றிவிடும். வெளியீட்டில் கெப்பாசிட்டர் வைத்த பழைய ஆம்ப்களில் இன்னொரு வம்பு: 100 மைக்ரோஃபாரட் இருந்தால் 300 ஓமுக்கு ஒரு குறையும் தெரியாது, 32 ஓமில் 50 ஹெர்ட்ஸிலேயே பாஸ் கரையத் தொடங்கும்.

சில நேரம் ஆம்ப்பைத் திறக்கவே வேண்டாம். எட்டிமோடிக் நிறுவனத்தின் இஆர்4பி இயர்போனோடு 75 ஓம் ரெசிஸ்டர் கொண்ட ஒரு கேபிளைச் சேர்த்தால் ஒலி மாறி, அது அதே நிறுவனத்தின் இன்னொரு மாடலான இஆர்4எஸ் ஆகிவிடும். அந்தக் கேபிளை நிறுவனமே விற்றது. சுருளுக்குப் பதில் தட்டையான சவ்வையே அசைக்கும் பிளானர் வகை ஹெட்போன்களில் இந்த வித்தை பலிக்காது. அவற்றின் ஓம் எல்லாச் சுரத்திலும் ஒன்றே என்பதால் சத்தம் மட்டும் குறையும்.

அந்தப் பிளானர் வகையில் ஹைஃபைமேன் எச்இ-6 என்று ஒன்று உண்டு. 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே 110 டெசிபலுக்கு அது கேட்பது சுமார் 450 மில்லிவாட்: 4.7 வோல்ட், கூடவே 95 மில்லிஆம்பியர். எந்த ரெசிஸ்டரை மாற்றினாலும் பெப்பர்மின்ட் டப்பாவிலிருந்து அது வராது. ஸ்பீக்கர் ஆம்ப்பில் அதை மாட்டிக் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.