பேச்சுரிமை வழக்கறிஞர் உருவாகும் வகுப்பறை

பி.எட். படித்தபோது நாம் அனைவரும் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் சென்றிருக்கிறோம். வகுப்பும் உண்மையானது, மாணவர்களும் உண்மையானவர்கள். பாடக்குறிப்பைத் திருத்தவும் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கவும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருப்பார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ‘கிளினிக்’ என்று அழைக்கப்படும் அமைப்பும் ஏறத்தாழ இதுபோன்றதுதான். மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பதுபோல, சட்ட மாணவர் உண்மையான கட்சிக்காரருக்காக உழைத்துக் கற்கிறார்.

நான் பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிறேன். அடிப்படை உரிமைகள் பாடத்தை எப்படிக் கற்பிக்கலாம் என்று தேடியபோது, இக்கிளினிக்குகளில் பேச்சுரிமை வழக்குகளைக் கையாளும் முறை என்னைக் கவர்ந்தது. அது நம் வகுப்பறைக்கும் பொருந்தும்.

கிளினிக் இயங்கும் விதம்

கிளினிக்கை வழிநடத்துபவர் ஒரே நேரத்தில் பேராசிரியராகவும் வழக்கறிஞராகவும் இருப்பார். அவருடைய மேற்பார்வையில் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பணிபுரிவார்கள். கட்சிக்காரரிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட நிலைவரை படித்த மாணவர்கள், மேற்பார்வையாளருடன் நீதிமன்றத்தில் வாதாடவும் அங்குள்ள விதிகள் இடமளிக்கின்றன. நம் நாட்டில் வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன்படி பதிவு பெற்ற வழக்கறிஞரே தொழில் செய்ய முடியும். எனவே நம் சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்கள் விழிப்புணர்வு, மனு எழுத உதவுதல், வழிகாட்டுதல் போன்ற பணிகளையே பெரும்பாலும் செய்கின்றன.

யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 2009-இல் மாணவர்களின் முயற்சியால் ஊடகச் சுதந்திரத்துக்கான கிளினிக் ஒன்று தொடங்கப்பட்டது. அரசு ஆவணங்களைக் கேட்டுப் போராடும் செய்தியாளர்களுக்காக அது வழக்கு நடத்துகிறது. வேறு சில கிளினிக்குகள், பிறர் தொடுத்த வழக்கில் சட்ட விளக்கம் அளித்து நீதிமன்றத்துக்கு உதவும் மனுக்களைத் தயாரிக்கின்றன.

இப்பணியில் மேடைப் பேச்சுக்கு வேலை குறைவு. கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். முந்தைய தீர்ப்புகளைத் தேட வேண்டும். எழுதிய மனு பேராசிரியரின் திருத்தங்களோடு பலமுறை திரும்பி வரும். பல பிரச்சினைகள், சட்ட நிலையை விளக்கும் ஒரு கடிதத்திலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

முதலில் கேட்கும் கேள்விகள்

பேச்சைத் தடுத்தது யார் என்பதே முதல் கேள்வி. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். அரசுப் பள்ளி அதற்குள் வரும், தனியார் நிறுவனம் வராது. அடுத்த கேள்வி, அந்தப் பேச்சால் உண்மையில் விளைந்த பாதிப்பு என்ன என்பது. மூன்றாவது, பேசியவரைத் தண்டிக்காமல் அந்தப் பாதிப்பைச் சரிசெய்ய வழி இருந்ததா என்பது.

‘கட்சிக்காரர் சொன்ன கருத்து சரியா?’ என்ற கேள்வி இப்பட்டியலில் இல்லை. கருத்தோடு உடன்படாமலேயே, அதைச் சொல்லும் உரிமைக்காக வாதாட வழக்கறிஞரால் முடியும். கிளினிக் தரும் மிகக் கடினமான பயிற்சி இதுதான் என்பது என் கருத்து.

பென்சில்வேனியா மாநிலத்தில் 2017-இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பள்ளியின் உற்சாகமூட்டும் குழுவில் முதன்மை அணிக்குத் தேர்வாகாத 14 வயது மாணவி ஒருத்தி, விடுமுறை நாளில், பள்ளிக்கு வெளியே இருந்தபடி, சமூக ஊடகத்தில் பள்ளியைக் கொச்சையான சொல்லால் திட்டிப் பதிவிட்டாள். பள்ளி அவளை ஓராண்டுக்குக் குழுவிலிருந்து நீக்கியது. சிவில் உரிமை அமைப்பு ஒன்று அவளுக்காக வாதாடியது. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. அவள் பயன்படுத்திய சொல்லை நீதிமன்றம் பாராட்டவில்லை. பள்ளி நடவடிக்கைகளுக்குப் பெரிய இடையூறு ஏற்படவில்லை என்பதைப் பார்த்தது. மிரட்டல், கடுமையான துன்புறுத்தல் போன்றவை பள்ளிக்கு வெளியே நடந்தாலும் பள்ளி தலையிட முடியும் என்றும் தெளிவுபடுத்தியது. அரசுப் பள்ளிகளை மக்களாட்சியின் நாற்றங்கால்கள் என்று அத்தீர்ப்பு வருணித்தது.

நமக்கு என்ன தொடர்பு?

நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) பிரிவு, பொது ஒழுங்கு, அவதூறு உள்ளிட்ட காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. இந்த உரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. கேரளத்தில் 1985-இல், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. பள்ளிக் குழந்தைகளைக் கொடிவணக்கம் செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 1943-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பையும் அது எடுத்துக்காட்டியது.

நீதிமன்றத்தில் புகார்தாரர், வழக்கறிஞர், நீதிபதி மூவரும் தனித்தனி ஆட்கள். வகுப்பறையிலோ, நம்மைக் குறை சொல்லி ஒரு மாணவர் பேசினால் நாமே புகார்தாரர், நாமே நீதிபதி. அம்மாணவருக்கு வழக்கறிஞர் இல்லை. ஆகவே அந்த மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வது அவசியமாகிறது.

என் வகுப்பில் இதை ஒரு செயல்பாடாக நடத்துகிறேன். ‘சத்துணவு சாம்பாரில் பருப்பைக் காணோம்’ என்று சுவர் இதழில் ஒரு மாணவி எழுதியதாகவும், அது கிழிக்கப்பட்டதாகவும் ஒரு கற்பனை வழக்கைக் கொடுப்பேன். ஒரு குழு மாணவிக்காக வாதாடும், இன்னொரு குழு பள்ளிக்காக. எழுதியது சரி என்று நினைப்பவர்களைப் பள்ளியின் தரப்பிலும், தவறு என்று நினைப்பவர்களை மாணவியின் தரப்பிலும் உட்கார வைப்பேன். முதல் ஐந்து நிமிடம் முணுமுணுப்பார்கள். பிறகு காரணங்களைத் தேடத் தொடங்குவார்கள். சென்ற ஆண்டு பள்ளியின் தரப்பில் வாதாடிய குழுவே, “கிழிப்பதற்குப் பதில் சமையல் அக்காவின் பதிலையும் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம், சார்” என்றது. மூன்றாவது கேள்விக்கு அதைவிட நல்ல விடையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பாடவேளை போதும். சாம்பாருக்குப் பதிலாக உங்கள் பள்ளிக்கு ஏற்ற ஒரு வழக்கை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.