பிறர் மோதிய காரை விரைவில் சரிசெய்வது எப்படி?



மாலை நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கார் ஓட்டிச் செல்கிறவர்களுக்கு ஓர் ஓசை பழக்கமானது. முன்னால் போகும் வண்டிகள் திடீரென்று நிற்கின்றன. நாமும் பிரேக்கை மிதித்து நின்றுவிடுகிறோம். மறுகணம் பின்பக்கம் 'டமார்' என்று கேட்கிறது. நாம் நின்றோம், பின்னால் வந்தவர் நிற்கவில்லை.

தவறு நம்முடையதன்று. ஆனால் அதற்குப் பிறகு வருகிற அலைச்சல் முழுவதும் நம்முடையதுதான். போலீஸ் நிலையம், பட்டறை, காப்புறுதி நிறுவனம் என்று நாம்தான் நடக்க வேண்டும். மோதியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த அலைச்சலை எவ்வாறு குறைப்பது, நம் காரை எவ்வாறு விரைவில் திரும்பப் பெறுவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியன். பள்ளிக்குப் பேருந்து கிடையாது. கார் இல்லையென்றால் விடியற்காலையில் எவரையாவது கெஞ்சித்தான் போய்ச் சேர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் நகரில், சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த என் காரை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகியிராது, எங்கிருந்தோ ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. "ஒன்றும் கவலைப்படாதீர்கள் சார், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார் ஓட்டுநர். பதற்றத்தில் இருந்த நான் எழுதப்படாத ஒரு தாளில் கையெழுத்திட்டேன். மாணவர்களுக்கு, "படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதே" என்று பாடம் சொல்கிறவன் நான்!

கார் எனக்குத் தெரியாத ஒரு பட்டறைக்குப் போயிற்று. மோதியவரின் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்கிறோம் என்றார்கள். வாரங்கள் உருண்டன. மூன்று மாதங்கள் கழித்துத்தான் கார் கைக்கு வந்தது. என் சொந்தக் காப்புறுதியின் வழியாகவே அதைச் சில வாரங்களில் சரிசெய்திருக்கலாம் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. தெரியாமையால் நான் இழந்தது மூன்று மாதங்கள். நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

விபத்து நடந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? யாருக்கும் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. அடுத்து, கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு வண்டிகளும் நின்ற நிலை, சேதமான பகுதி, எதிர்வண்டியின் பதிவு எண், சாலையில் உள்ள கோடு, விளக்கு ஆகியவை படத்தில் தெரிய வேண்டும். பிறகு வண்டிகளை ஓரமாக நகர்த்தலாம். மோதியவரின் பெயர், அடையாளக் கார்டு எண், தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எண் மிக முக்கியம். அந்த வண்டி எந்த நிறுவனத்தில் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னர் அதைக்கொண்டே கண்டறிய முடியும்.

இழுவை வண்டிக்காரர் வந்தால் என்ன செய்வது? அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் அழைக்காமல் வந்தவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை இன்றே தொலைபேசியில் பதிந்து வையுங்கள்; விபத்து நடந்த பிறகு தேடினால் கண்ணில் படாது. எந்தப் பட்டறைக்குக் கார் போக வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

சிலர், "போலீஸ் வேண்டாம் அண்ணே, எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்பார்கள். சிறு கீறல் என்றால், பணமும் உடனே கையில் கிடைத்தால், அது ஒரு வழிதான். ஆனால் இன்றைய காரில் வெளியே தெரியும் நெளிவு சிறிதாகவும் உள்ளே உடைந்தது பெரிதாகவும் இருப்பதுண்டு. மோதுதாங்கியைக் கழற்றிய பிறகுதான் உண்மைக் கணக்கு தெரியும். அதற்குள் அந்த மனிதர் தொலைபேசியை எடுக்காமல் போய்விட்டால் நாம் யாரிடம் போவது?

ஆகவே போலீசில் புகார் செய்வதே பாதுகாப்பு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. மோதியவர் மட்டுமல்லர், மோதப்பட்டவரும் செய்ய வேண்டும். புகாரில் நடந்ததை நடந்தபடி, சுருக்கமாகச் சொல்லுங்கள். "சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன், பின்னாலிருந்து இடிக்கப்பட்டேன்" என்பது போல் தெளிவாக இருக்கட்டும். யார்மீது தவறு என்று போலீசார் முடிவு செய்வதே பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இனி இழப்பீட்டுக்கு வருவோம். உங்கள் காப்புறுதி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்பது நீங்கள் பிறருக்கு விளைவிக்கும் காயத்துக்கும் சேதத்துக்கும் மட்டுமே. உங்கள் சொந்தக் காருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. பழைய கார் வைத்திருப்போர் பலர் செலவைக் குறைக்க இதைத்தான் எடுக்கிறார்கள். முழுமைக் காப்புறுதி என்பது உங்கள் காரையும் சேர்த்துக் காப்பது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்கு இருக்கும் வழி, மோதியவரின் காப்புறுதி நிறுவனத்திடம் நேரே இழப்பீடு கேட்பது. போலீஸ் முடிவு வர வேண்டும்; மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும்; அந்த நிறுவனம் பொறுப்பை ஏற்க வேண்டும். நாம் அவர்களுடைய வாடிக்கையாளர் அல்லர் என்பதால் காலம் பிடிக்கும். நான் மூன்று மாதம் காத்திருந்தது இந்த வழியில்தான்.

முழுமைக் காப்புறுதி உள்ளவருக்கு விரைவான வழி ஒன்று இருக்கிறது. அதை 'நாக் ஃபோர் நாக்' என்பார்கள். முற்காலத்தில் பிரிட்டிஷ் காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டின் பெயர் இது. யார் தவறு என்று வழக்காடிக்கொண்டிராமல் அவரவர் வாடிக்கையாளரின் காரை அவரவர் சரிசெய்வோம் என்பது அந்த ஏற்பாடு. நம் நாட்டில் இது எவ்வாறு நடக்கிறது? தவறு உங்களுடையதன்று என்றால், நீங்கள் உங்கள் நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். அது உங்கள் காரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, செலவை மோதியவரின் நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலுள்ள கணக்கு முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்றுண்டு. இவ்வழியில் கேட்டால் உங்கள் 'என்.சி.டி.' குறையாது. என்.சி.டி. என்பது, இழப்பீடு எதுவும் கேட்காமல் ஆண்டைக் கடத்தியவருக்குச் சந்தாவில் கிடைக்கும் கழிவு. தனியார் கார்களுக்கு முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 38.33, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு முதல் 55 விழுக்காடு. ஐந்து படி ஏறிய பிறகும், சொந்தச் சேதத்துக்கென ஒரு முறை பணம் கேட்டால் கழிவு அடியோடு பூஜ்யமாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சந்தா கழிவுக்கு முன் 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 விழுக்காட்டுக் கழிவு போக நீங்கள் கட்டுவது 540 வெள்ளி. கழிவு போய்விட்டால் அடுத்த ஆண்டு 1,200 கட்ட வேண்டும். அதன்பின் 900, 840, 740, 660 என்று இறங்கி, மீண்டும் 540க்கு வர ஐந்து ஆண்டுகள் ஆகும். இந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 1,640 வெள்ளி! நீங்கள் செய்யாத தவறுக்கு இந்தத் தொகையை ஏன் கட்ட வேண்டும்? ஆகையால் பாரத்தில் எந்த வகையில் இழப்பீடு கேட்கிறோம் என்பதைக் கவனித்து எழுதுங்கள். 'சொந்தச் சேதம்' என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். 'நாக் ஃபோர் நாக்' முறையில் கேட்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாரத்திலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. எதிர்வண்டிக்குச் செல்லுபடியாகும் காப்புறுதி இருக்க வேண்டும். தவறு அவருடையது என்பது தெளிவாக வேண்டும். மோதியது கொள்கலன் லாரியாகவோ அயல்நாட்டு வண்டியாகவோ இருந்தால் விதி மாறலாம். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பட்டறை. காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த பட்டறைக்கே காரைக் கொண்டுசெல்லுங்கள். தெரிந்தவர் பட்டறை என்று வேறிடத்தில் விட்டால் செலவை ஏற்க மறுக்கலாம். மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றவோ தட்டவோ விடாதீர்கள். போலீஸ் புகார், அடையாளக் கார்டு, லைசென்ஸ், வாகனப் பதிவுப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை முதல் நாளே ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். வேலை தாமதமாவதற்கு ஒரு தாள் குறைந்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

பழைய கார் வைத்திருப்போர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதிய பொருளை மாட்டும்போது, அதன் விலையில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டியிருக்கும். வழக்கமான அளவு, ஐந்து ஆண்டு வயதுள்ள காருக்கு 15 விழுக்காடு. ஆண்டுக்கு ஐந்து ஐந்தாக ஏறி, பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆன காருக்கு 40 விழுக்காடு. எட்டு ஆண்டுக் காருக்கு 1,000 வெள்ளி விலையுள்ள புதிய பொருள் மாட்டினால் உங்கள் பங்கு 300 வெள்ளி. பட்டறைக்காரர் இதைக் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டாம். கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

கார் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கும் ஓர் இழப்பீடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழுதுபார்க்க இத்தனை நாள் ஆகும் என்று மதிப்பீட்டாளர் கணிப்பார். அந்த நாட்களுக்கான தொகையை மோதியவரின் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கலாம். இதை 'கார்ட்' என்று குறிப்பிடுவார்கள். கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

இவ்வளவும் செய்தும் நிறுவனம் இழுத்தடித்தால்? முதலில் அந்நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் எழுதுங்கள். அதன் இறுதிப் பதில் நியாயமாக இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை நடுவர் சேவையிடம் முறையிடலாம். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் செயல்படும் இவ்வமைப்பு, முறையிடும் பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மோதியவருக்குக் காப்புறுதியே இல்லையென்றால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் வழக்குத் தொடரலாம்.

நேயர்களே, சென்ற ஆண்டு பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில், என் கார் இரண்டாம் முறையாக இடிபட்டது. இம்முறையும் ஓர் இழுவை வண்டி வந்தது. அதே பேச்சு, அதே தாள். "நன்றி தம்பி, நான் அழைத்துக்கொள்கிறேன்" என்றேன். படம் எடுத்தேன், அன்று மாலையே புகார் செய்தேன், மறுநாள் நகல்களை எல்லாம் ஒன்றாகக் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் நானே கார் ஓட்டிப் பள்ளிக்குப் போனேன். என் கழிவும் 55 விழுக்காட்டிலேயே நிற்கிறது.

முதல் விபத்துக்கும் இரண்டாம் விபத்துக்கும் இடையில் சட்டம் மாறவில்லை. நான் நாலு விஷயம் தெரிந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். இன்றிரவு உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, அது எந்த வகை, கழிவு எவ்வளவு, உதவி எண் என்ன என்று பாருங்கள். வீட்டில் கார் ஓட்டும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சாலையில் நிற்கும்போது பத்திரத்தைப் படிக்க நேரம் இருக்காது.