கழுகு அனுப்பியது, பருந்து பிடித்தது

கருந்துளையின் குறும்பைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தொட்டி உதவுமா? உதவியிருக்கிறது, மெக்சிகோவில்!

திருவோண நட்சத்திரம் தெரியுமல்லவா? அது இருக்கும் கழுகு விண்மீன் கூட்டத்தின் திசையில், வெகு தொலைவில் ஒரு விநோத ஜோடி இருக்கிறது. பெயர் எஸ்.எஸ். 433. ஒன்று பெரிய விண்மீன். மற்றொன்று, அதன் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் கருந்துளை. உறிஞ்சியதை எல்லாம் அது விழுங்கிவிடுவதில்லை. ஒரு பங்கை இரு பக்கமும் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகம் எவ்வளவு தெரியுமா? ஒளியின் வேகத்தில் கால் பங்கு! இப்படிப்பட்ட ஜோடிக்கு மைக்ரோகுவேசார் என்று பெயர்.

இவற்றிலிருந்து மிகுந்த ஆற்றலுள்ள காமா கதிர்கள் வருகின்றனவா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தேடினார்கள். ஆனால் காமா கதிர் தரைக்கு வந்து சேராதே! மேலே காற்றில் மோதி, துகள் மழையாகச் சிதறிவிடும்.

அந்த மழையைப் பிடிக்கத்தான் மெக்சிகோவின் சியரா நெக்ரா எரிமலைச் சரிவில், 300 ராட்சதத் தொட்டிகளில் சுத்தமான தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். துகள்கள் தண்ணீருக்குள் பாயும்போது மெல்லிய நீல ஒளி மின்னும். அடியில் இருக்கும் கருவிகள் அதைப் பதிவுசெய்துவிடும்.

2018-இல் பலன் கிடைத்தது. எஸ்.எஸ். 433-இன் பீச்சல்கள் பாயும் இரு பக்கங்களிலிருந்தும் காமா கதிர்கள் வருவது தெரிந்தது. இந்தத் தொட்டிகள் உள்ள ஆய்வகத்தின் பெயரைச் சுருக்கமாக 'ஹாக்' என்பார்கள். ஆங்கிலத்தில் பருந்துக்கும் அதே உச்சரிப்புதான்.

ஆக, கழுகின் திசையிலிருந்து வந்ததைப் பருந்து பிடித்துவிட்டது!